சார் கவனிச்சிருப்பாருன்னு நினைச்சேன்

சேலம் அஞ்சு ரோடு பக்கம் சின்னதா ஒரு ஆடிட்டர் ஆபீஸ் வச்சிருக்கேன், எப்பவும் நாலஞ்சு ஆர்டிகிள் பசங்க, அதாவது சி.ஏ. படிப்புக்காக ஆபீஸ்ல பயிற்சி எடுக்கறவங்க, இருப்பாங்க, பாதிப்பேர் ஓமலூர், தாரமங்கலம், வாழப்பாடில இருந்து பஸ் ஏறி வர்றவங்க. நல்லா படிக்கற புள்ளைங்க. ஆனா வாயத் தொறக்க மாட்டாங்க.

ஒரு செப்டம்பர் கடைசி வாரம், 30ந்தேதிக்குள்ள டாக்ஸ் ஆடிட் ரிப்போர்ட் போகணும், சேலை ஹோல்சேல் பார்ட்டி ஃபைல கையெழுத்துக்கு எடுத்துட்டேன். வவுச்சிங், அதாவது பில்ல கணக்கோட ஒத்துப் பாக்கற வேலை, முழுக்க பாத்த பொண்ணு பக்கத்துலயே நிக்குது. என்னம்மான்னா "ஒண்ணுமில்லீங்க சார்". ரெண்டாவது தடவ கேட்டப்பதான், "இளம்பிள்ளை தறிக்காரங்க பில்லுல உத்யம் நம்பர் இருந்துச்சுங்க சார், ஜனவரி பில்லு, மார்ச் முடிஞ்சும் பணம் போகலைங்க"ன்னு இழுக்குது.

இதுல என்ன இருக்குன்னு கேக்கறவங்களுக்கு: உத்யம் நம்பர்ங்கறது சிறு, குறு தொழில் பதிவு நம்பர். 2023-24 கணக்குல இருந்து வருமான வரிச் சட்டத்துல 43பி(எச்)னு ஒரு பிரிவு வந்துச்சு. மைக்ரோ, ஸ்மால் யூனிட்கிட்ட சரக்கு வாங்கினா எழுத்துல ஒப்பந்தம் இருந்தா அதிகபட்சம் 45 நாள், இல்லைன்னா 15 நாள், அதுக்குள்ள பணம் போகணும். தாண்டி, வருஷக் கடைசில பாக்கி நின்னா அந்தத் தொகைய அந்த வருஷச் செலவா கழிக்க முடியாது, குடுக்கற வருஷத்துலதான் கழிக்கலாம். வாங்கி விக்கற வியாபாரிக்கு இது பொருந்தாது, தறிக்காரர் உற்பத்தியாளர், பொருந்தும். விட்டிருந்தா பார்ட்டிக்கு நோட்டீஸ், எனக்குத் தலைகுனிவு.

"எப்பம்மா பாத்த?"

"ஜூலைலயேங்க சார். நீங்க கவனிச்சிருப்பீங்கன்னு நினைச்சேன்."

நான் எங்க கவனிக்கிறது? பில்லு கட்டப் பிரிச்சது அந்தப் பொண்ணு, எனக்கு வர்றது அவ போட்டுக் குடுத்த ஷீட்டு மட்டும். ஆபீஸ்லயே அந்தப் பில்ல கண்ணால பாத்த ஒரே ஆள் அவதான். இது எந்த ஆபீஸ் ட்ரெயினிக்கும் புரியறதில்ல, பெரியவங்களுக்கு எல்லாம் தெரியும்னு நினைச்சுக்கறாங்க. என் தப்பும் இருக்கு, சீசன்ல நான் எரிஞ்சு விழறதுக்கு யாரும் கிட்ட வர மாட்டாங்க.

நான் ஆர்டிகிளா இருந்தப்ப மூணு வருஷம், அதுல ஒன்றரை வருஷம் பேங்க் ரீகன்சிலியேஷனே, பேங்க் ஸ்டேட்மென்ட்டயும் கணக்கையும் ஒத்துப் பாக்கறதே, போட்டுட்டு இருந்தேன், குடுத்தா செய்வோம்னு. கூட இருந்தவன் ஒரு நாள் "நானும் பேக் தூக்கிட்டு வரட்டுங்களா சார்"னு இன்கம்டாக்ஸ் ஆபீஸ் போனான், அப்புறம் எல்லா ஹியரிங்குக்கும் அவன்தான். இப்ப நேர்ல போகாம ஆன்லைன்லயே நடக்கற ஃபேஸ்லெஸ் அசெஸ்மென்ட் வந்து பேக் தூக்கற வேலையே போயிடுச்சு, அது வேற கதை. இன்னைக்கு பசங்களுக்கு ரெண்டே வருஷம்தான், ஒன்றரைய இப்படித் தொலைச்சா மிச்சம் என்ன இருக்கு?

எப்படிக் கேக்கறதுன்னா, பில்ல கையில எடுத்துட்டு வாங்க. "டவுட் சார்"னு மொட்டையா நிக்காம, இது இப்படி இருக்கு, நான் இப்படி நினைக்கறேன், சரிங்களான்னு கேளுங்க. தப்பா இருந்தா திருத்திட்டுப் போறோம். பார்ட்டி எதிர்ல மட்டும் வேண்டாம், பார்ட்டி போனதும் சொல்லுங்க. நேர்ல பயமா இருந்தா பில்ல போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல ரெண்டு வரி போடுங்க, நைட்டு சாப்பிட்டுட்டு பாக்கறப்ப எனக்கும் கோவம் இருக்காது.

அந்தப் பொண்ணு போன மாசம் வந்து, "ஏழு மாசமா ஜிஎஸ்டிஆர்-2பி மட்டுந்தாங்க சார் பாக்கறேன், நோட்டீஸ் ரிப்ளை ஒண்ணு குடுங்களேன்"னுச்சு. 2பிங்கறது வாங்கின சரக்குக்கு ஜிஎஸ்டி கிரெடிட் காட்டற மாசப் பட்டியல். குடுத்தேன். முதல் டிராஃப்ட்ல பாதிய அடிச்சுட்டேன், மீதி அப்படியே போச்சு.