திண்ணையை இடித்து ஷட்டர் போடுவதற்கு முன்

புதுச்சேரியில் பழைய வீட்டைக் கடையாக்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான்: "முன்சுவரை எடுத்துவிட்டு 12 அடிக்கு ஷட்டர் வைக்கலாமா?"

அந்தச் சுவர் வெறும் மறைப்பு அல்ல. தமிழர் பகுதியின் பழைய வீடுகளில் கான்கிரீட் தூண்கள் கிடையாது. தேக்கு உத்தரங்களின் மேல் மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் மூலைவாட்டாக நிறுத்தி அடுக்குவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டிக் கெட்டித்துத் தட்டோடு பதிப்பார்கள். இதுதான் மெட்ராஸ் டெரஸ். அவ்வளவு எடையும் மரத்தின் முனைகள் வழியாகச் செங்கல் சுவருக்குள்தான் இறங்குகிறது. பக்கத்துச் சுவரோ பெரும்பாலும் இரண்டு வீட்டுக்கும் பொது.

ஒரு வீட்டில் வேலை முடிந்த பிறகுதான் என்னை அழைத்தார்கள். முட்டு கொடுக்காமலே சுவரை உடைத்து, பிறகு கான்கிரீட் உத்தரம் வார்த்திருந்தார்கள். அது இறுகுவதற்குள் மாடிச் சுவர் தளர்ந்து இறங்கிவிட்டது. மாடி ஜன்னல் வளைவின் நடுக்கல் பிளந்து, விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. பக்கத்து வீட்டுப் பூஜையறையிலும் கோடு விழுந்திருந்தது. அந்த வீட்டு அம்மாளுக்கு என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

சிமெண்ட் பூச்சு செய்யும் கேடு இதைவிட மெதுவானது, அதனாலேயே எனக்கு அதிகக் கவலை தருவது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தைக் குடிக்கும், வெயிலில் வெளியே விட்டுவிடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. கடற்கரை ஊரின் உப்பும் ஈரமும் பூச்சுக்குப் பின்னால் தேங்க, செங்கல் மாவாக உதிர்கிறது, உத்தர முனை மக்குகிறது. வெளியே பெயிண்ட் பளபளப்பாகவே இருக்கும். 2014 நவம்பர் மழையில் கடற்கரையோர மேரி கட்டடம் (பிரெஞ்சுக் காலத்து நகராட்சிக் கட்டடம்) இடிந்து விழுந்ததைப் பார்த்த ஊர் இது. பழைய கட்டடத்துக்குள் இறங்கும் நீரை அலட்சியப்படுத்த நமக்கு உரிமை இல்லை.

கடை வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் வீடுதான் சீக்கிரம் விழுகிறது. வைசியாள் வீதியைப் புதுப்பித்த பணிக்கு 2008இல் யுனெஸ்கோ விருது கிடைத்ததே, அங்கு அழகு திண்ணையிலும் தாழ்வாரத்திலும் வீடுகள் வரிசையாய் நிற்பதிலும்தான் இருக்கிறது. திண்ணையையும் வாசலையும் அப்படியே விட்டு, முற்றத்தைச் சுற்றிக் கடையை அமையுங்கள். முற்றத்தை மூட வேண்டுமென்றால் கூரையைத் தூக்கி வைத்து, நான்கு பக்கமும் காற்றுக்கு இடைவெளி விடுங்கள். அலமாரிகள் சுவரில் தொங்காமல் தரையில் நிற்கட்டும். சரக்கு மூட்டைகளை மாடியில் ஏற்றாதீர்கள். 1000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி ஒரு டன் கனம். குடும்பம் புழங்கக் கட்டிய தளம் அது.

வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன் ஏணி போட்டு, மழைநீர்க் குழாய் இறங்கும் மூலையில் உத்தர முனையை உளியால் குத்திப் பாருங்கள். உளி எளிதாக உள்ளே இறங்கினால், முன்பணம் கொடுக்காமல் முதலில் ஒரு பொறியாளரை அழையுங்கள்.