கிளாசிக்: ஓடிய படமும் நின்ற படமும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி, தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் உள்ள எங்கள் வீட்டில் ‘மிஸ்ஸியம்மா’ படம் போட்டோம். அக்கா மகள்தான் தேடி எடுத்தாள். “கிளாசிக் படம் மாமா, பாருங்க” என்றாள். பக்கத்தில் இருந்த ஆயா (எங்கள் பக்கம் ஆயா என்றால் பாட்டி) கேட்டார்: “பழைய பயாஸ்கோப்புன்னு சொல்லு. அது என்ன கிளாசிக்கு?”

ஆயாவுக்குச் சினிமா எல்லாமே பயாஸ்கோப்புதான். தென்னாப்பிரிக்காவில் தொலைக்காட்சி வந்ததே 1976-இல். அதுவரை கொட்டகைக்குப் போனால்தான் படம். அவர் கேட்ட கேள்விக்கு அன்று என்னிடம் சரியான பதில் இல்லை. அப்புறம் அகராதிகளைப் புரட்டினேன்.

கிளாசிக் என்ற சொல்லின் வேர் லத்தீன். ‘கிளாஸிஸ்’ என்றால் வகுப்பு, பிரிவு. பழைய ரோமாபுரியில் குடிமக்களைச் சொத்துக் கணக்குப் பார்த்து வகுப்புகளாகப் பிரித்தார்கள். அதில் முதல் வகுப்பில் இருந்தவன் மட்டும் ‘கிளாஸிகஸ்’. 1,25,000 செம்புக்காசு மதிப்புள்ள சொத்தாவது இருக்க வேண்டும் என்று கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஔலஸ் கெல்லியஸ் குறித்திருக்கிறார். அதே கெல்லியஸின் நூலில்தான் இந்தச் சொல் எழுத்தாளர்கள் மேலும் ஏறுகிறது: முதல் வகுப்பு எழுத்தாளன், ஒன்றுமில்லாத எழுத்தாளன் என்று. ஆக, இது பிறந்தது கலையில் அல்ல, வரிக் கணக்கில்.

எனக்கு இது கொஞ்சம் உறுத்தியது. எங்கள் நாட்டில் 1950-இல் சட்டம் போட்டு ஆட்களையே இன வாரியாக வகை பிரித்துப் பதிவு செய்தார்கள். எந்த வகை என்பதை வைத்துத்தான் எங்கே குடியிருக்கலாம், எந்தக் கொட்டகையில் உட்காரலாம் என்பதெல்லாம். சாட்ஸ்வொர்த் என்ற ஊரே அப்படிப் பிரித்துக் குடியேற்றியதில் உண்டானது. மேலே இருந்து யாரோ வகுப்பு ஒதுக்கும் வேலையைப் படத்துக்கும் செய்ய வேண்டுமா?

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? ‘செவ்வியல்’ என்பது இப்போது நிலைபெற்றுவிட்டது. செம்மை + இயல், செவ்விதழ் என்பதுபோல. 2004-இல் இந்திய அரசு தமிழைச் செம்மொழி என்று அறிவித்ததே, அந்தச் ‘செம்’தான் இதுவும். இலக்கியத்துக்கும் இசைக்கும் நல்ல சொல். ஆனால் தங்கவேலு துப்பறிகிறேன் என்று சுற்றிவரும் ‘மிஸ்ஸியம்மா’வைச் ‘செவ்வியல் திரைப்படம்’ என்றால் வேட்டிக்கு மேல் கோட்டுப் போட்டதுபோல இருக்கிறது. ‘காவியம்’ என்பதைச் சுவரொட்டிக்காரர்கள் எப்போதோ தேய்த்துவிட்டார்கள்.

நம் பேச்சிலேயே ஒரு சொல் கிடக்கிறது. படத்தை நாம் ‘ஓடியது’ என்கிறோம். நூறு நாள் ஓடியது, வெள்ளிவிழா ஓடியது. ‘ஹரிதாஸ்’ (1944) சென்னையில் மூன்று தீபாவளி கண்டது. ஆனால் ஓடுவது வெளியான நாட்களின் கணக்கு. இன்றைக்குப் போட்டால் நிற்கிறதா என்பது வேறு கணக்கு. ‘ஹரிதாஸ்’ படத்தில் பாகவதர் குரல் நிற்கிறது. பெற்றோரை மறந்ததற்குப் பழியைப் பெண்கள் தலையில் போடும் கதை எனக்கு நிற்கவில்லை. ‘சந்திரலேகா’வில் (1948) முரசு நடனம் இன்றும் வாய் பிளக்க வைக்கிறது. நடுவில் சர்க்கஸ் வந்ததும் நான் தேநீர் போட எழுந்துவிட்டேன். ஒரே படத்தில் ஒரு பகுதி நிற்கும், ஒரு பகுதி சாயும். கிளாசிக் என்று மொத்தமாக முத்திரை குத்தினால் இது தெரியாமல் போய்விடும்.

‘மிஸ்ஸியம்மா’ (1955) நிறையவே நிற்கிறது. வேலைக்காகக் கணவன் மனைவியாக நடிக்கும் இருவர், முறைத்துக்கொண்டே ஒரே வீட்டில் குடியிருக்கிறார்கள். சாவித்திரியின் எரிச்சலுக்கு அக்கா மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். முடிவில்தான் சறுக்கல். கிறிஸ்தவப் பெண் மேரி, சின்ன வயதில் காணாமல்போன மகாலட்சுமி என்று தெரியவர, மதம் குறுக்கே நின்ற சிக்கல் தானாகவே அவிழ்ந்துவிடுகிறது. இந்த நாட்டில் 1949 முதல் 1985 வரை வெள்ளையரும் மற்றவரும் மணம் செய்துகொள்ளச் சட்டமே தடை. அது இனம், இது மதம். இருந்தாலும் கலப்பு மணத்தை இப்படி நழுவவிடுவதைப் பார்த்து எங்களால் சும்மா இருக்க முடியவில்லை. “அவ மேரியாவே இருந்துட்டா என்ன?” என்றார் ஆயா.

ஆகவே என் பரிந்துரை: ‘நின்ற படம்’. எங்கள் தமிழ் வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். ஒரு மாணவர் உடனே கை தூக்கினார். “படம் நின்னுடுச்சுன்னா கரண்ட் போச்சுன்னு அர்த்தம் சார்.” மின்வெட்டுக்கு அட்டவணை போட்டு வாழ்ந்த ஊரில் இதற்கு மறுப்புச் சொல்ல முடியாது. ‘நில்’ என்ற அதே வேரிலிருந்து ‘நிலைத்த படம்’ என்று மாற்றிக்கொண்டோம். ‘நிலைப்படம்’ என்று சுருக்கிவிடாதீர்கள், அது அசையாத போட்டோ ஆகிவிடும்.

ஆயாவிடம் புதுச் சொல்லைச் சொன்னேன். அவர் இன்னமும் பயாஸ்கோப்பு என்றுதான் சொல்கிறார்.