ஒன்றரைக் கட்டையில் ஊளையிடும் பின் ஆக்ஸில்

மலைப்பாதையில் 4×4 ஜீப் ஓட்டும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஐயா, வண்டியில் இரண்டு தொந்தரவு. அறுபதைத் தொட்டால் பின்னாலிருந்து ஊளை மாதிரி ஒரு சத்தம். அப்புறம், தார் ரோட்டில் 4ஹெச் (நாலு சக்கர இழுவை) போட்டு வளைத்தால் வண்டி இழுத்துப் பிடிக்கிறது, லீவரும் 2ஹெச்சுக்கு (பின் சக்கர இழுவை மட்டும்) திரும்பி வர மறுக்கிறது. ஆக்ஸிலை மொத்தமாக மாற்றச் சொல்கிறார்கள். மாற்றித்தான் ஆகணுமா?"

இரண்டாவதை முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் அது கோளாறே இல்லை.

குட்டையான ஜீப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.45 மீட்டர், இடவலச் சக்கரங்களுக்கு இடையே 1.52 மீட்டர். பின் அச்சின் நடுப்புள்ளி 6 மீட்டர் ஆரத்தில் போகும்படி ஒரு முக்கில் 90 பாகை திரும்புகிறது. பின்பக்க உள் சக்கரம் 8.2 மீட்டர் உருளும், வெளிச் சக்கரம் 10.6 மீட்டர். 255/65 ஆர்18 டயரின் சுற்றளவு சுமார் 2.48 மீட்டர். ஆக, ஒரே திருப்பத்தில் வெளிச் சக்கரம் ஏறக்குறைய ஒரு முழுச் சுற்று கூடுதலாகச் சுற்றியாக வேண்டும். இந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டுவதுதான் டிஃபரன்ஷியலின் வேலை. பிரான்சு நாட்டுக் கடிகாரக் கைவினைஞர் ஒனெசிஃபோர் பெக்கேர் 1820-களின் இறுதியில் நீராவி வண்டிக்காகச் செய்த ஏற்பாடு, சாரத்தில் மாறாமல் இன்றும் ஓடுகிறது. இன்ஜின் பக்கமிருந்து வரும் புரொப்பல்லர் ஷாஃப்டின் முனையில் பினியன் என்ற சிறு பல்சக்கரம் இருக்கும், அது கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரத்தைத் திருப்பும். கிரவுன் வீல் ஒரு கூட்டைச் சுழற்றும், கூட்டுக்குள் இருக்கும் ஸ்டார் பினியன்கள் என்ற குட்டிப் பல்சக்கரங்கள் இரு பக்க ஆக்ஸில் ஷாஃப்டுகளையும் தள்ளும். இரு சக்கரச் சுற்றுகளின் சராசரிதான் கிரவுனின் சுற்று.

இதே வித்தியாசம் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவிலும் உண்டு. மேற்சொன்ன திருப்பத்தில் பின் அச்சின் நடு 9.4 மீட்டர் போனால் முன் அச்சின் நடு 10.2 மீட்டர் போகிறது. ஆக்ஸில் விகிதம் 4.1 (கிரவுனின் ஒரு சுற்றுக்கு ஷாஃப்ட் 4.1 சுற்று) என்றால் முன் புரொப்பல்லர் ஷாஃப்ட், பின்னதைவிட ஒன்றேகால் சுற்று அதிகம் சுற்ற வேண்டும். பகுதிநேர 4×4 வண்டியில் நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது. 4ஹெச் போட்டதும் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற, சக்தியை முன்னும் பின்னும் அனுப்பும் பெட்டிக்குள் ஸ்லீவ் என்ற பல்வளையம் ஒன்று நகர்ந்து இரண்டு ஷாஃப்டையும் ஒன்றாகக் கட்டிவிடுகிறது. சேற்றிலும் மணலிலும் டயர் வழுக்கி அந்த ஒன்றேகால் சுற்றைத் தீர்த்துவிடும். தார் ரோட்டில் டயர் வழுக்காது. அதனால் ஷாஃப்டுகள் ஈரத்துணி போல முறுக்கேறுகின்றன. ஸ்லீவின் பற்கள் அந்த முறுக்கில் இறுகிவிடும்போது லீவர் எப்படி நகரும்? ஸ்டியரிங்கை நேராக வைத்து நாலைந்து மீட்டர் ரிவர்ஸ் எடுங்கள், அல்லது ஒரு பக்கச் சக்கரங்களை மண்ணில் இறக்குங்கள். முறுக்கு விட்டதும் லீவர் தானாக வரும். பலமாக இழுத்தால் ஸ்லீவை நகர்த்தும் ஷிஃப்ட் ஃபோர்க் வளையும், அது மெய்யான செலவு.

முன்னால் தேய்ந்த டயர், பின்னால் புது டயர் போட்டிருப்பவர்களுக்கு நேர் ரோட்டிலும் இதே கதிதான். டிரெட் ஆழத்தில் 4 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தால் விட்டம் 8 மில்லிமீட்டர் மாறும், அதாவது 1 சதவீதம். ஏட்டுக் கணக்கில் கிலோமீட்டருக்கு 4 சக்கரச் சுற்று. டயருக்குள் இருக்கும் எஃகுப் பட்டையால் நடைமுறையில் கொஞ்சம் குறையும், ஆனால் முறுக்கு ஏறுவது ஏறத்தான் செய்யும். 4×4 வண்டிக்கு நாலு டயரையும் சேர்த்து மாற்றச் சொல்வது இதனால்தான்.

இனி ஊளைக்கு வருவோம். ஆக்ஸிலின் மேல் ஸ்பானர் வைப்பதற்கு முன் அந்தச் சத்தத்தின் சுருதியை அளந்துவிட வேண்டும்.

பினியனின் ஒவ்வொரு பல்லும் கிரவுனின் பல்லைத் தொடும்போது ஒரு சிறு தள்ளு. பற்கள் கச்சிதமாகப் பொருந்தியிருந்தால் அந்தத் தள்ளு காதுக்கு எட்டாது. மைக்ரான் கணக்கில் இடம் பிசகினாலும் தேய்ந்தாலும் பெரிதாகும், ஹவுசிங் தகடு அதை வாங்கி ஒலிபெருக்கி போல வெளியே அனுப்பும். நொடிக்கு எத்தனை பல் தொடுகிறதோ அத்தனை ஹெர்ட்ஸ். 60 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 16.67 மீட்டர். 2.48-ஆல் வகுத்தால் சக்கரம் நொடிக்கு 6.72 சுற்று. கிரவுனில் 41 பல் என்றால் 275 ஹெர்ட்ஸ். ஹார்மோனியத்தில் ஒன்றரைக் கட்டை சட்ஜமம் 277 ஹெர்ட்ஸ். காது பழகியவர் வண்டிக்குள் உட்கார்ந்தே சுருதி சொல்லிவிடலாம். மற்றவர்களுக்குக் கைபேசியில், எத்தனை ஹெர்ட்ஸில் சத்தம் என்று கோடாகக் காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசர் செயலி இலவசமாகவே கிடைக்கிறது.

ஓட்டுபவர் ஓட்டட்டும், கைபேசி பின் இருக்கையில் இருப்பவரிடம் இருக்கட்டும். கண்ணாடியை ஏற்றி, ஏசியை அணைத்து, ஜிபிஎஸ் காட்டும் வேகத்தில் சீராக 60 போங்கள். வண்டி மீட்டர் பெரும்பாலும் கூட்டிக் காட்டும், அதை நம்ப வேண்டாம். திரையில் 275-க்கு அருகே ஊசி போல ஒரு கோடு எழும்பினால் கிரவுனும் பினியனும்தான் பேசுகின்றன. வேகத்தை 40-க்கு இறக்குங்கள், ஊசியும் 184-க்கு இறங்க வேண்டும். பிறகு அதே 60-ல் நாலாவது கியரிலிருந்து ஐந்தாவதுக்கு மாற்றுங்கள். இன்ஜின் சத்தமும் கியர்பாக்ஸ் சத்தமும் இடம் மாறும், கிரவுனின் ஊசி அசையாது, ஏனென்றால் அதற்குத் தெரிந்தது சக்கரத்தின் வேகம் மட்டுமே. இவ்வளவு சுத்தமாகப் பழியைப் பிரித்துக்காட்டும் சோதனை வேறு இல்லை.

டயரும் கத்தும். ஆனால் டயரின் கட்டங்களை வேண்டுமென்றே பெரிதும் சிறிதுமாகக் கலந்து வார்க்கிறார்கள், சத்தம் ஒரே சுருதியில் குவிந்துவிடக் கூடாது என்று. அதனால் டயர் சத்தம் திரையில் ஊசியாக வராமல் மேடு போலப் பரந்து தெரியும். ரோட்டின் தன்மை மாறினால் அதுவும் மாறும், ஆக்ஸிலரேட்டரை விட்டால் மாறாது.

உங்கள் கிரவுனில் எத்தனை பல் என்று தெரியாதா? முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வையுங்கள். கியரை நியூட்ரலிலும் லீவரை 2ஹெச்சிலும் வைத்து, ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, பின் சக்கரம் ஒன்றை மட்டும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள், வெறும் ஜாக்கியை நம்பக் கூடாது. தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றி, புரொப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணுங்கள். ஒரு சக்கரம் 0, மற்றது 2, சராசரி 1. கிரவுன் ஒரே ஒரு சுற்று. ஷாஃப்ட் நாலும் பத்தில் ஒரு பங்கும் சுற்றினால் விகிதம் 4.1. வண்டிக் கையேட்டில் அந்த விகிதத்துக்கு 41-க்கு 10 என்று பல் எண்ணிக்கை இருக்கும். பழைய வில்லிஸ் சிஜே ஜீப்புகளில் 43-க்கு 8, அதாவது 5.38. இந்த எண்கள் பொதுக் காரணி இல்லாதவையாக இருப்பது தற்செயல் அல்ல. பினியனின் ஒவ்வொரு பல்லும் கிரவுனின் எல்லாப் பல்லையும் முறைவைத்துச் சந்தித்தால் தேய்மானம் சமமாகப் பரவும். அதற்காகவே எண்களை அப்படிப் பொறுக்குகிறார்கள்.

ஊளை எப்போது வருகிறது என்பதும் முக்கியம். மிதிக்கும்போது பல்லின் ஒரு முகம் சுமை தாங்கும், மிதியை விட்டு இன்ஜின் இழுத்துப் பிடிக்கும்போது எதிர் முகம். மிதித்தால் மட்டும் ஊளை என்றால் ஓட்டுமுகம் தேய்ந்திருக்கிறது அல்லது பினியன் இடம் மாறியிருக்கிறது. விட்டால் மட்டும் ஊளை என்றால் பினியன் பேரிங் லூஸ் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம், பினியன் முன்பின் அசைகிறது. இரண்டிலும் மாறாமல் கரகரவென்று இருந்தால் பேரிங். இடது பக்கம் வளைத்தால் கூடி, வலது பக்கம் வளைத்தால் குறைந்தால் வலது சக்கர பேரிங்கைப் பாருங்கள், இடதுபுறம் திரும்பும்போது எடை அதன் மேல்தான் சாய்கிறது. திருப்பத்தில் மட்டும் சத்தம் என்றால் ஸ்டார் பினியன், ஏனென்றால் நேர் ரோட்டில் அது தன் அச்சில் சுழல்வதே இல்லை. கியர் போட்டுக் கிளச்சை விடும்போது 'டொக்' என்று ஒரே அடி வந்தால் யூஜே கிராஸ், அதாவது புரொப்பல்லர் ஷாஃப்டின் முனையில் வளைந்துகொடுக்கும் சிலுவை மூட்டு. அதே 60-ல் 55 ஹெர்ட்ஸ் அளவில் வண்டித் தளம் அதிர்ந்தாலும் கிராஸ்தான், ஷாஃப்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் அது இரண்டு முறை உதறும். ஷாஃப்டைக் கழற்றுவதற்கு முன் மூட்டின் நுகத்திலும் ஸ்ப்ளைனிலும் (பல்வரி இணைப்பு) பெயிண்ட் அடையாளம் போட மறந்து, ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டால் புது கிராஸும் அதிரும்.

ஆயிலைப் பார்ப்பதில் ஒரு ஒழுங்கு உண்டு. நிரப்பும் பிளக்கை முதலில் கழற்ற வேண்டும். வடிக்கும் பிளக்கை முதலில் திறந்து ஆயிலைக் கொட்டிவிட்டு, நிரப்பும் பிளக் துருவில் இறுகிக்கிடந்தால் வண்டி அங்கேயே நிற்கும். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிச் சூடானபின் வடியுங்கள். காந்த பிளக்கில் சாம்பல் நிறக் களிம்பு போல ஒட்டியிருந்தால் இயல்பு. விரல் நகத்தில் உரசும் செதிலோ ஊசித் துணுக்கோ இருந்தால் ஏதோ உடைகிறது. ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. கையேடு வேறு சொல்லாவிட்டால் ஜிஎல்-5 தரம், 80டபிள்யூ-90 பிசுபிசுப்பு. நிரப்பும் துளையின் கீழ் விளிம்பில் ஆயில் தளும்பும்வரை ஊற்றினால் போதும்.

ஜிஎல்-5 ஏன்? பினியன் கிரவுனின் மையத்துக்குக் கீழே தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. ஹைபாய்டு என்று பெயர், 1920-களில் கார்களுக்கு வந்தது, புரொப்பல்லர் ஷாஃப்ட் தாழ்ந்து கார்த்தளமும் தாழ்ந்தது. ஆனால் இந்தப் பற்கள் உருள்வதோடு நீளவாக்கில் தேய்த்துக்கொண்டும் போகின்றன. அந்த அழுத்தத்தில் வெறும் எண்ணெய்ப் படலம் பிய்ந்துவிடும். ஜிஎல்-5 ஆயிலில் உள்ள கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள் சூட்டில் எஃகோடு வினைபுரிந்து மேலே மெல்லிய தியாகப் படலம் ஒன்றை உண்டாக்குகின்றன. எஃகுக்குப் பதில் அது தேயும், உடனே மறுபடி உருவாகும். இதே ஆயிலை யோசிக்காமல் கியர்பாக்ஸில் ஊற்றக் கூடாது, கியர் மாறும்போது வேகத்தை ஒன்றாக்கும் சின்க்ரோ வளையங்களின் பித்தளையை அந்தச் சேர்மங்கள் அரிக்கக்கூடும்.

ஆக்ஸிலின் மேல் விரல்நுனி அளவில் ஒரு மூச்சுத்துளை இருக்கும், பிரீதர் என்பார்கள். சேறு அடைத்துக்கொள்வது இதைத்தான். 80 பாகை செல்சியஸ் சூட்டில் இருக்கும் ஆக்ஸில் ஓடைத் தண்ணீரில் இறங்கி 30 பாகைக்கு வந்தால் உள்ளே காற்றழுத்தம் 14 சதவீதம் விழும். ஆயிலை உள்ளே தடுத்துவைக்கும் சீலுக்கு வெளியே கூடுதலாக 1.4 மீட்டர் ஆழத் தண்ணீர் நின்று அழுத்துவதற்கு அது சமம். தண்ணீர் உள்ளே போகும். மறுபடி சூடேறும்போது அழுத்தம் கூடி ஆயில் வெளியே கசியும். சீலை மாற்றுவார்கள், மறுபடி கசியும், இன்னொரு தடவை மாற்றுவார்கள். மூன்றாவது முறை 'இந்த வண்டி ராசியில்லை' என்ற பேச்சு வந்து, நல்ல வண்டி பாதி விலைக்குப் போய்விடுகிறது. எலுமிச்சம்பழம் கட்டுவது அவரவர் நம்பிக்கை, அதில் சொல்ல எதுவுமில்லை. ஆனால் ராசி என்ற சொல் வந்த நொடியில் காரணத்தைத் தேடுவது நின்றுவிடுகிறது, நஷ்டம் அங்கேதான். பிரீதரைக் கழற்றி டீசலில் கழுவி ஊதிப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகுமா?

சீல் மாற்றும்போதே ஊளையை வரவழைப்பவர்களும் உண்டு. பினியன் நட்டுக்குக் கீழே பல வண்டிகளில் நசுங்கும் ஸ்லீவ் ஒன்று இருக்கிறது. நட்டை முறுக்க முறுக்க அது நசுங்கி, பேரிங்குக்குச் சரியான இறுக்கத்தைக் கொடுக்கும். இம்பாக்ட் கன்னால் அடித்து ஏற்றினால் தேவைக்கு மேல் நசுங்கும், திரும்ப விரியாது. சில மாதங்களில் பேரிங் போகும், பினியன் நகரும், 275 ஹெர்ட்ஸ் எழும்பும். சீல் மாற்றிய பிறகுதான் ஊளை ஆரம்பித்தது என்றால் முதல் சந்தேகம் இதன் மேல் விழட்டும். நட்டின் நிலையை அடையாளமிட்டு, வெளியே தெரியும் மரைகளை எண்ணிக் கழற்றி, அதே இடத்துக்குக் கைஸ்பானரால் கொண்டுவர வேண்டும். தாண்டிவிட்டால் புது ஸ்லீவ் போடுவது தவிர வழியில்லை.

கிரவுனைத் திறக்க நேர்ந்தால் பற்களே சாட்சி சொல்லும். பல்லில் மஞ்சள் மார்க்கிங் பேஸ்ட் தடவி, கிரவுனைக் கையால் லேசாகத் தடுத்தபடி பினியனைச் சுழற்றினால், பேஸ்ட் விலகிய இடத்தில் ஒரு நீள்வட்டத் தடம் விழும். அது பல்லின் உயரத்தில் நடுவில் விழ வேண்டும். நுனிப்பக்கம் விழுந்தால் பினியன் கிரவுனை விட்டு விலகியிருக்கிறது, அடிப்பக்கம் விழுந்தால் மிக நெருங்கியிருக்கிறது, ஷிம் என்ற மெல்லிய தகட்டை மாற்றிச் சரிசெய்ய வேண்டும். பிறகு டயல் கேஜ் வைத்துப் பற்களின் இடைவெளியை அளக்க வேண்டும், பெரும்பாலான வண்டிகளில் 0.13 முதல் 0.20 மில்லிமீட்டர் வரை. கையால் ஆட்டிப் பார்த்து 'சரியாத்தான் இருக்கு' என்று மூடினால் ஊளை மறுபடி வரும். கிரவுனையும் பினியனையும் ஜோடியாகவே மாற்ற வேண்டும், இரண்டும் சேர்த்து மெருகேற்றப்பட்டவை.

தேய்மானத்தைத் தனி அறிவியலாகப் பார்க்க வேண்டும் என்று 1966-லேயே பிரிட்டன் அரசுக்குப் பீட்டர் ஜோஸ்ட் குழு அறிக்கை கொடுத்தது. உராய்வையும் மசகையும் ஒழுங்காகக் கையாண்டால் ஆண்டுக்கு 51.5 கோடி பவுண்டு மிச்சமாகும் என்று அது கணக்கிட்டது. இவ்வளவு லாரியும் ஜீப்பும் ஓடும் நம் நாட்டில் இந்த ஆய்வுக்கு இன்னும் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும். ஒவ்வொரு ஐடிஐ மாணவரும் தன் கையால் ஒரு முறையாவது மார்க்கிங் பேஸ்ட் தடவித் தடம் படித்துவிட்டுத்தான் வெளியே வர வேண்டும்.

கடைசியாக, முன்பக்கம். 4ஹெச் விளக்கு எரிகிறது, முன் சக்கரம் இழுக்கவில்லை என்ற புகாரும் அடிக்கடி வரும். 4ஹெச்சில் நேராகச் சில மீட்டர் ஓட்டி நிறுத்தி, இன்ஜினை அணைத்துக் கியரில் விட்டு, ஹேண்ட்பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன் சக்கரம் ஒன்றைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். சுற்றவில்லை என்றால் எல்லாம் சரி. சக்கரத்தோடு முன் புரொப்பல்லர் ஷாஃப்டும் சுற்றினால் டிரான்ஸ்ஃபர் கேஸ் சேரவில்லை. ஷாஃப்ட் நிற்க, சக்கரம் மட்டும் சுற்றினால், சக்கரத்தை ஆக்ஸில் ஷாஃப்டோடு இணைக்கும் ஹப் லாக் ஆகவில்லை. வாக்குவத்தில் (காற்றை உறிஞ்சும் விசையில்) இயங்கும் ஹப் என்றால் அதற்குப் போகும் மெல்லிய ரப்பர் குழாயை முழு நீளத்துக்கும் தடவிப் பாருங்கள், வளைவுகளில்தான் வெடித்திருக்கும். மழைக்காலத்துக்கு மட்டும் 4ஹெச் போடுபவர்கள், மாதம் ஒரு முறையாவது மண் பாதையில் நாலைந்து கிலோமீட்டர் 4ஹெச்சில் ஓட்டினால் முன் ஆக்ஸிலின் சீல்கள் ஆயிலில் நனைந்திருக்கும், ஃபோர்க்கும் இறுகாது.