மாமா ஏன் முழங்காலிட்டார்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரச் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். செப்டம்பரில் ட்ரவுட் என்ற ஆற்று மீனைப் பிடிக்கும் பருவம் திறந்ததும், அவருடைய தாய்மாமா அவரை ட்ராக்கென்ஸ்பெர்க் மலையடிவாரத்தில் ஓடும் லொத்தேனி ஆற்றுக்கு அழைத்துப் போயிருக்கிறார். ஆறு கண்ணில் பட்டதுமே மாமா மூன்று கட்டளைகள் போட்டாராம்: பேசாதே, நிமிர்ந்து நிற்காதே, தூண்டில் கோலில் கட்டிய எலுமிச்சம்பழத்தைத் தொடாதே. மருமகன் மூன்றையும் மீறினார். மாமா முழங்காலிட்டபடியே நான்கு மீன் பிடித்தார். மருமகனுக்குச் சளி பிடித்தது. "இதில் எது அறிவியல், எது மாமா?" என்பது அவருடைய கேள்வி.

முதலில் முன்கதை, வேகமாக. ட்ரவுட் இந்த மண்ணின் மீனல்ல. நம் முன்னோர் 1860-இல் ட்ரூரோ கப்பலில் டர்பனில் வந்திறங்கி முப்பது ஆண்டுகள் கழித்து, 1890-இல், ஸ்காட்லாந்திலிருந்து முட்டையாக வந்த பழுப்பு ட்ரவுட் இந்த நடால் பகுதியின் ஆறுகளில் குடியேறியது. அதற்குக் குளிர்ந்த, ஆக்சிஜன் நிறைந்த நீர் வேண்டும்; நீரின் வெப்பம் 20 டிகிரியைத் தாண்டினால் திணறத் தொடங்கிவிடும். ஓட்டத்தை எதிர்த்து முகம் வைத்து, ஒரு கல்லின் மறைவில் நின்றபடியே, மிதந்து வரும் பூச்சிகளைத் தின்னும். அந்தப் பூச்சியைப் போலத் தூண்டில் முள்ளில் நூலும் இறகும் சுற்றிச் செய்வதுதான் செயற்கை ஈ. ஈக்கு எடையே கிடையாது என்பதால் எடையுள்ள கயிற்றை வீசுகிறார்கள். ஈ அதன் வாலாகப் போய் விழுகிறது. கரைவலை இழுத்த டர்பன் குடும்பத்தில் பிறந்த எனக்கு, ஒற்றை மீனுக்காக இவ்வளவு பாடா என்றுதான் முதலில் தோன்றியது.

இனி முழங்கால் விஷயம்.

ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் நிரப்பிக் கண்ணுக்கு மேலே தூக்கிப் பிடியுங்கள். பக்கவாட்டிலிருந்து, நீரின் மேற்பரப்பை அடியிலிருந்து அண்ணாந்து பாருங்கள். மேற்பரப்பு வெள்ளித் தகடாக மின்னும். அதற்கு மேலே இருக்கும் கூரை தெரியாது. இப்போது ஒரு கறிவேப்பிலையை மெதுவாக மிதக்கவிடுங்கள். இலையின் மேற்புறம் அறவே மறைந்துவிடும். தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கும் அடிப்புறமும், அது அமுக்கிய இடத்தில் கோணலாகும் வெள்ளியும் மட்டுமே தெரியும். ட்ரவுட்டின் உலகத்துக்கு இந்த வெள்ளித் தகடுதான் கூரை.

பள்ளியில் படித்த முழு அக எதிரொளிப்புதான் காரணம். நீருக்குள்ளிருந்து, செங்குத்துக் கோட்டிலிருந்து சுமார் 48.6 டிகிரிக்கு மேல் சாய்ந்து பார்த்தால் வெளியுலகம் தெரியாது, ஆற்றின் அடித்தளமே பிரதிபலிக்கும். அந்தக் கோணத்துக்குள் மட்டும், மீனின் தலைக்கு நேர் மேலே, வட்டமாக ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது. டச்சு அறிஞர் ஸ்நெல்லின் பெயரால் அதை ஸ்நெல் ஜன்னல் என்கிறார்கள். 30 சென்டிமீட்டர் ஆழத்தில் நிற்கும் மீனுக்கு அதன் விட்டம் 68 சென்டிமீட்டர்தான். ஆனால் அடிவானம் முதல் அடிவானம் வரை, மலை, மரம், மேகம், மாமா எல்லாம் அந்த வட்டத்துக்குள் அடங்கியாக வேண்டும்.

அடங்குகின்றன, ஆனால் சமமாக அல்ல. உச்சி வானம் ஏறக்குறைய ஒழுங்காகத் தெரியும், ஓரத்தில்தான் நெரிசல். அடிவானத்திலிருந்து 10 டிகிரி உயரம் வரை உள்ள அத்தனையும் ஜன்னலின் விளிம்பில் ஒரே ஒரு டிகிரி அகலத்துக்குள் நசுங்கிவிடுகிறது. அவ்வளவு சாய்வாக வரும் ஒளியில் கணிசமான பங்கு நீரில் பட்டுத் தெறித்துப் போவதால் மங்கலும் கூட. பத்து மீட்டர் தொலைவில் நிற்கும் நடுத்தர உயரக்காரரின் தலை சரியாக அந்த 10 டிகிரியைத் தொடும். அவர் முழங்காலிட்டால் அரை டிகிரிக்கும் குறைவான கறைதான். மாமாவுக்குக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, முட்டிக்குத் தெரிந்திருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதற்கு அடுத்தது. ஓட்டத்தில் ஒரு மேஃப்ளை பூச்சி மிதந்து வருகிறது. அது இன்னும் ஜன்னலுக்கு வெளியே இருப்பதால் மீனுக்கு அதன் உடல் தெரியாது. ஆனால் ஆறு கால்களும் நீர்த்தோலை ஆறு இடங்களில் லேசாக அமுக்குகின்றன. ஒவ்வொரு குழிவும் ஒரு சிறு லென்ஸ். வெள்ளிக் கூரையில் ஆறு ஒளிப்பொட்டுகள் நகர்ந்து வருகின்றன. மீன் எழத் தொடங்குவது இந்தப் பொட்டுகளைப் பார்த்துத்தான். ஜன்னல் விளிம்பை நெருங்கும்போது முதலில் சிறகின் நுனி மட்டும், உடலோடு ஒட்டாமல், அந்தரத்தில் தோன்றும். இதற்குள் மீன் மேலே வந்துவிட்டதால் ஜன்னலும் அதே விகிதத்தில் சுருங்கிவிடுகிறது. 5 சென்டிமீட்டர் ஆழத்தில் விட்டம் 11 சென்டிமீட்டர்தான். பூச்சியை விளிம்பிலேயே வைத்துக்கொண்டு, சாய்ந்து மிதந்தபடி பார்த்துவிட்டு, 'ளப்' என்று ஒரு சத்தம்.

சேவலின் கழுத்து இறகை முள்ளில் சுற்றுவதன் ரகசியம் இதில்தான் இருக்கிறது. நம் கண்ணுக்கு அந்த ஈ பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி இருக்கும். எந்தப் பூச்சிக்கும் அத்தனை கால்கள் இல்லை. ஆனால் விறைப்பான அந்த இழைகள் நீரில் குத்தி நின்று அதே பொட்டுகளை உண்டாக்குகின்றன. கயிறு ஈயைச் சற்றே இழுத்துவிட்டால் பொட்டுகள் கோடுகளாக நீளும். உண்மைப் பூச்சி அப்படிக் கோடு இழுப்பது அரிது. லொத்தேனியில் ஒரு மடுவருகே நான் குப்புறப் படுத்துப் பார்த்திருக்கிறேன்: என் ஈக்காக எழுந்து வந்த மீன் ஒரு விரற்கடை தூரத்தில் நின்று, ஈ கோடிழுத்த கணத்தில் அப்படியே பின்வாங்கி இறங்கியது. அவமானமாக இருந்தது.

பேசாதே என்ற கட்டளை வீண். காற்றில் வரும் ஒலி நீரில் பட்டதும் ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே போகும், மீதி திரும்பிவிடும். மாமாவிடம் வீட்டு வழக்கையே பேசித் தீர்க்கலாம். ஆனால் கரையில் தொம்தொம் என்று நடந்தால் அந்த அதிர்வு மண் வழியே நேராக நீருக்குள் போகும். மீனின் விலாவோரம் ஓடும் பக்கக்கோட்டு உறுப்பு நீரசைவை உணர்வதற்கென்றே இருக்கிறது. எலுமிச்சம்பழத்துக்கு வேலையே இல்லை. அதை ஊறுகாய்க்குக் கொடுத்துவிடலாம். மாமா கோபிப்பார் என்றால் கட்டிக்கொண்டே போகட்டும், மீனுக்குக் கெடுதல் இல்லை.

ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். இதே மலைகளுக்கு உரிய மலோட்டி மின்னோ என்ற விரல் நீள மீன் 1938-இல் நடாலின் உம்கோமசானா ஆற்று மாதிரிகளைக் கொண்டு விவரிக்கப்பட்டது. பிறகு அந்த ஆற்றிலேயே அது காணாமல் போனது. ட்ரவுட் மீது வலுவான சந்தேகம் உண்டு. இன்று அது அண்டை நாடான லெசோத்தோவின் மலையாறுகளில்தான் மிஞ்சியிருக்கிறது. ட்ரவுட்டை ஆக்கிரமிப்பு இனமாகப் பட்டியலிடுவது பற்றித் தூண்டில்காரர்களும் அரசும் ஆண்டுக்கணக்கில் வாதாடுகிறார்கள். அந்தச் சின்ன மீனுக்காக வாதாட வசதியுள்ள சங்கம் எதையும் நான் பார்த்ததில்லை. ஆராய்ச்சிப் பணம் விளையாட்டு மீனைச் சுற்றியே நீந்துகிறது என்பது என் எண்ணம். நிறவெறிக் காலத்தில் நம்மவர் கால்வைக்க முடியாதிருந்த கரைகளில் இன்று நாமும் தூண்டில் போடுகிறோம். அந்தச் சங்கங்களில் நாமும் இருக்கிறோம், ஆகவே இந்தக் குறையில் நமக்கும் பங்கு உண்டு.

வாசகர் கடிதத்தின் அடியில் ஒரு பின்குறிப்பு: அடுத்த பயணம் புரட்டாசியில் வருகிறது, வீட்டில் எல்லோரும் விரதம், போகலாமா? தாராளமாகப் போகலாம், பிடித்த மீனை ஆற்றிலேயே விட்டுவிட்டால். முள்ளின் நுனியருகே பின்னோக்கி நீட்டியிருக்கும் எதிர்க்கொக்கியை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். மீனைத் தொடுமுன் கையை ஆற்றில் நனையுங்கள், காய்ந்த கை அதன் வழுவழுப்பான மேற்பூச்சை உரித்துவிடும். தண்ணீருக்குள்ளேயே முள்ளைக் கழற்றி, தலை ஓட்டத்தை நோக்கி இருக்கும்படி தளர்வாகப் பிடித்திருங்கள். தெம்பு வந்ததும் அதுவே கையை உதறிக்கொண்டு போய்விடும்.