முதல் மினி டிராக்டர்: ஷோரூமுக்குப் போகும் முன் தோப்பை அளந்து பாருங்கள்

"எத்தனை ஹெச்.பி. வாங்கலாங்கண்ணா?" மினி டிராக்டர் வாங்க நினைப்பவர்கள் என் பட்டறைக்கு வந்ததும் கேட்கும் முதல் கேள்வி இதுதான். "பின்னாடி என்ன மாட்டப் போறீங்க?" என்று நான் திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் தயக்கம்தான் பதிலாக வரும். கொஞ்சம் யோசித்து, "எல்லா வேலைக்குந்தானுங்க" என்பார்கள். எல்லா வேலையையும் செய்கிற 20 ஹெச்.பி. வண்டியை எந்தக் கம்பெனியும் இன்னும் செய்யவில்லை.

எங்கள் பட்டறை தமிழ்நாடு-கேரள எல்லையில் கோபாலபுரத்தை ஒட்டி இருக்கிறது. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்து வண்டிகளும் வரும். கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வேலந்தாவளம் பக்கத்து வண்டிகளும் வரும். சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தமிழ்தான், தென்னைதான். கொஞ்ச காலமாக ஒரு புது வகை ஆட்கள் வருகிறார்கள். சொந்தத் தோப்புக்கு மட்டும் என்றில்லாமல், அக்கம்பக்கத்துத் தோப்புகளில் வாடகைக்கு உழவு ஓட்ட, தென்னங்கன்று நாற்றுப்பண்ணை நடத்த, நார்க்கழிவுக் களத்தில் வேலை பார்க்க என்று முதல் வண்டி வாங்குபவர்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்கானது. சொந்த நிலத்துக்கு மட்டும் வாங்குகிறவர் வண்டியைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் சிரமத்தோடு ஓட்டிக்கொள்வார். தவணை கட்டித் தொழில் செய்கிறவருக்கு ஒரு உழவுப் பருவமே போய்விடும்.

முதலில், உங்களுக்கு மினி வண்டி தேவையா என்று பாருங்கள். 25 அடிக்கு 25 அடி இடைவெளியில் நட்ட வெறும் தென்னந்தோப்பில் 45 ஹெச்.பி. வண்டியே தாராளமாகத் திரும்பும். அங்கே உங்கள் சின்ன வண்டி வாடகையில் அதோடு போட்டி போட முடியாது. ஊடுபயிர் வந்த இடத்தில்தான் மினிக்கு மவுசு. கொக்கோ, ஜாதிக்காய், வாழை என்று நடுவில் வைத்துவிட்டால் பெரிய வண்டி உள்ளே நுழைந்து திரும்புவதற்குள் நாலு கிளை ஒடியும். ஆகவே ஓட்டப் போகும் தோப்புகளுக்கு ஒரு டேப்போடு போங்கள். மிகக் குறுகலான சந்து எத்தனை அடி, கேட் எத்தனை அடி, வாய்க்கால் மேல் போட்ட பலகைக்கல் எத்தனை அகலம், கொக்கோக் கிளை தரையிலிருந்து எத்தனை உயரத்தில் இருக்கிறது என்று எழுதி வையுங்கள். மினி வண்டிகளின் அகலம் பெரும்பாலும் மூன்றடியை ஒட்டி ஆரம்பித்து நாலு அடிக்குள் இருக்கும். ஒரே வண்டியில் சக்கரத்தைத் திருப்பி மாட்டியும் அகலத்தைக் கூட்டிக் குறைக்கலாம். உயரத்தை மறந்துவிடாதீர்கள். மேல்நோக்கி நிற்கும் சைலன்சர் குழாய் கிளையில் இடித்து வளைந்து வந்த வண்டிகளை நிறையப் பார்க்கிறேன். தோப்புக்கு என்றால் சைலன்சர் கீழே இறங்கிய மாடலும், மடக்கக்கூடிய பாதுகாப்புக் கம்பிச் சட்டகமும் இருப்பது நல்லது.

ரொட்டவேட்டரின் (பின்னால் மாட்டி, சுழலும் பிளேடுகளால் மண்ணை உழும் கருவி) அகலம், டயர்களின் வெளி விளிம்புக்குச் சற்றாவது கூடுதலாக இருக்க வேண்டும். இல்லையென்றால் சக்கரத் தடம் உழாமல் கெட்டியாகவே நிற்கும், அந்தத் தடத்தில் மட்டும் புல் செழிக்கும். தோப்புக்காரர் அடுத்த முறை உங்களைக் கூப்பிட மாட்டார். அதற்காக அகலத்தைக் கூட்டிக்கொண்டே போகவும் முடியாது. இங்கேதான் ஹெச்.பி. விஷயம் வருகிறது.

நோட்டீஸில் பெரிய எழுத்தில் போடுவது இன்ஜின் ஹெச்.பி. ரொட்டவேட்டரைச் சுழற்றுவது பி.டி.ஓ. தண்டுக்கு, அதாவது பின்னால் மாட்டிய கருவிக்குச் சக்தியைக் கடத்தும் தண்டுக்கு, வந்து சேரும் சக்தி. அது பொதுவாக இன்ஜின் சக்தியில் 80 முதல் 85 சதவீதம்தான். 24 ஹெச்.பி. வண்டி என்றால் பின்னால் 20 இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 ஹெச்.பி.யைச் சுற்றியுள்ள வண்டிக்கு மூன்றடி, 27 ஹெச்.பி.க்கு மேல் மூன்றரை அல்லது நாலடி ரொட்டவேட்டர் என்பது நான் சொல்லும் கணக்கு. மண்ணைப் பொறுத்து இதுவும் மாறும். பொள்ளாச்சிப் பக்கத்துச் செம்மண்ணில் ஓடுகிற அதே வண்டி, எருத்தேம்பதி, வடகரப்பதிப் பக்கத்துக் கரிசலில் திணறும். கேரளத்தில் கரிசல் மண் இருப்பது சித்தூர் தாலுகாப் பகுதியில்தான். மழையில் பசை, வெயிலில் கல். இரண்டு மண்ணிலும் வாடகை ஓட்டப் போகிறவர் கரிசலுக்குத் தகுந்தபடிதான் ரொட்டவேட்டர் எடுக்க வேண்டும். "ஆஃபர்ல ஒரு சைஸ் பெருசா தர்றோம்" என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த ஆஃபர் கிளட்ச் பிளேட் செலவாகத் திரும்பி வரும்.

இன்னொரு ஆசையும் இப்போது அதிகமாகியிருக்கிறது: தென்னை மட்டையைத் தூளாக்கும் மெஷின். நல்ல தொழில்தான், மட்டையை எரிக்காமல் தோப்புக்கே உரமாக்கலாம். ஆனால் டிராக்டரில் ஓடும் மட்டை மெஷின்கள் பெரும்பாலும் 35 ஹெச்.பி.க்கு மேல் கேட்பவை. அதுதான் உங்கள் முக்கிய வருமானம் என்றால், மினி டிராக்டர் யோசனையை இந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

விற்பனையாளர் சொல்வதைச் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் புத்னி என்ற ஊரில் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி, சோதனை நிலையம் இருக்கிறது. அங்கே சோதித்த ஒவ்வொரு மாடலுக்கும் அறிக்கை உண்டு: பி.டி.ஓ.வில் உண்மையில் எவ்வளவு சக்தி, மணிக்கு எவ்வளவு டீசல், ஹைட்ராலிக் எவ்வளவு எடை தூக்கும் என்று. நீங்கள் பார்க்கும் மாடலின் அறிக்கையை டீலரிடம் கேளுங்கள். தூக்கும் எடையில் ஒரு நுணுக்கம். நோட்டீஸில் இருப்பது பெரும்பாலும் கீழ்க்கை (கருவியை மாட்டித் தூக்கும் கீழ்ப்பக்கக் கை) முனையில் அளந்த எடை. ரொட்டவேட்டரின் கனமோ அதற்கும் பின்னால் தள்ளி இருக்கிறது. அறிக்கையில் 610 மில்லிமீட்டர் பின்னால் தள்ளி அளந்த கணக்கும் இருக்கும், அதைப் பாருங்கள். தூக்கினாலும் போதாது, வரப்பு ஏறும்போது முன்சக்கரம் தரையை விட்டு எழும் வண்டிகள் உண்டு. முன்னால் எடைக் கட்டி மாட்ட வசதி இருக்கிறதா என்று கேட்டு, அதையும் சேர்த்தே விலை பேசுங்கள்.

ஃபோர் வீல் டிரைவ் வேண்டுமா? தோப்பு ஈரத்தில் வாடகை ஓட்டுகிறவருக்கு வேண்டும் என்றே சொல்வேன். ஆனால் அந்த லீவரை விலக்காமல் தார் ரோட்டில் ஓட்டக் கூடாது. முன்சக்கரம் பின்சக்கரத்தைவிடக் கொஞ்சம் வேகமாகச் சுழலும்படி செய்யப்பட்டது. மண்ணில் அது வழுக்கிச் சரியாகிவிடும். தாரில் வழுக்க இடமில்லாததால் டயர் தேயும், கியர்ப் பெட்டியில் முறுக்கு ஏறும். ஒரே வருடத்தில் முன் டயர் மொட்டையாகி வரும் வண்டிகளுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். டயர் மாற்றும்போதும் அதே அளவில்தான் போட வேண்டும், கடையில் கிடைத்ததைப் போடக் கூடாது.

சரி, பணம். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. டிராக்டர் டயருக்கும் பல உதிரி பாகங்களுக்கும் 18லிருந்து 5. வரிக்கு முன் ஆறு லட்சம் விலையுள்ள வண்டிக்கு 42,000 ரூபாய் வித்தியாசம். பழைய கொட்டேஷனை வைத்து யாரும் பேசவில்லையே என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் தவணை. ஐந்து லட்சம் கடன், 11 சதவீத வட்டி, ஐந்து வருடம், ஆறு மாதத்துக்கு ஒரு தவணை என்றால் ஒவ்வொரு தவணையும் சுமார் 66,300 ரூபாய். வாடகை மணிக்கு 900 என்று கணக்குக்கு வைப்போம்; உங்கள் ஊர் ரேட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். டீசல் 300, ஓட்டுபவருக்கு 150, ஆயில், பிளேடு, டயர் தேய்மானம் 100 போனால் கையில் நிற்பது 350. ஆக, ஆறு மாதத்தில் ஏறத்தாழ 190 மணி நேரம் கடனுக்கு மட்டுமே ஓட வேண்டும். இதில் தென்மேற்குப் பருவமழையில் சில வாரம், வடகிழக்கில் சில வாரம் வண்டி மண்ணில் இறங்காது. "அஞ்சு தோப்பு இருக்குங்க" என்று வாயால் சொல்வதைவிட, எந்தத் தோப்பில் வருடத்துக்கு எத்தனை உழவு, ஒரு உழவுக்கு எத்தனை மணி என்று எழுதிக் கூட்டிப் பாருங்கள். வருடத்துக்கு 380 மணி வரவில்லை என்றால் வண்டியை வாடகைக்கு எடுத்து ஒரு வருடம் தொழில் பழகுவதே லாபம்.

எல்லைக்காரர்களுக்கு மட்டும் உள்ள தொல்லை காகிதத்தில் இருக்கிறது. வீடு தமிழ்நாட்டில், தோப்பு கேரளத்தில் என்பவர்கள் இங்கே நிறைய. மானியம் அந்தந்த மாநிலத்தின் வழியாகத்தான் வருகிறது. தமிழ்நாட்டில் நிலம் இருந்தால் வேளாண்மைப் பொறியியல் துறை; கேரளத்தில் நிலம் இருந்தால் கரம் (நிலவரி) கட்டிய ரசீதோடு முதலில் கிருஷி பவன் (அங்கத்து வேளாண்மை அலுவலகம்). மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகள், பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு 50 சதவீதம் வரையும் மற்றவர்களுக்கு 40 சதவீதம் வரையும், உச்சவரம்புக்கு உட்பட்டு மானியம் உண்டு. அனுமதி வரும் முன்பே அவசரப்பட்டு வண்டி எடுத்துவிட்டு மானியத்துக்கு அலைகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பதிவும் அப்படித்தான். டி.என். 41 (பொள்ளாச்சி) வண்டி கே.எல். 70 (சித்தூர்) பக்கம் உழப் போய்வருவது வேறு. அங்கேயே 12 மாதத்துக்கு மேல் நிறுத்தி வைத்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆவது பிரிவுப்படி அந்த மாநிலத்தில் மறுபதிவு செய்ய வேண்டும். பழைய வண்டியை எல்லை தாண்டி வாங்குகிறவர்கள், பழைய ஆர்.டி.ஓ.விடமிருந்து தடையில்லாச் சான்றும், கடன் முடிந்ததற்கான படிவம் 35ம் கைக்கு வரும்வரை முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.

விவசாய டிராக்டர் என்று பதிவான வண்டியில் டிரெய்லரை மாட்டி வாடகைக்குச் செங்கல், மணல் ஏற்றுவதும் தொழில் என்றே பலர் நினைக்கிறார்கள். விவசாயப் பொருள் ஏற்றத்தான் அந்தப் பதிவு. விபத்து நடந்தால் காப்பீட்டுக் கம்பெனி முதலில் கேட்பது வண்டியில் என்ன ஏற்றியிருந்தது, மட்கார்டில் யார் உட்கார்ந்திருந்தார் என்றுதான். ஓட்டுபவருக்கு மட்டும்தான் இருக்கை. பக்கத்தில் தொற்றிக்கொண்டு வரும் ஆளுக்கு இழப்பீடு கிடைப்பது பெரிய போராட்டம். இன்னொன்று, எழுநூறு எண்ணூறு கிலோ எடையுள்ள சின்ன வண்டியின் பின்னால் இரண்டு டன் டிரெய்லர் மாட்டினால், இறக்கத்தில் டிரெய்லர்தான் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும். ரோட்டில் ஏறும்போது இரண்டு பிரேக் பெடல்களையும் இணைக்கும் கொக்கியைப் போட்டே தீர வேண்டும். ஒரு பக்கப் பிரேக் மட்டும் பிடித்தால் கவிழ்வதற்கு ஒரு நொடி போதும்.

பி.டி.ஓ. தண்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அது நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு ஒன்பது. தோளில் கிடக்கும் துண்டின் நுனியோ, வேட்டியோ, சேலைத் தலைப்போ பட்டால் கை எடுக்க நேரம் இருக்காது. புது வண்டியோடு வரும் பிளாஸ்டிக் உறையை "கிரீஸ் வைக்க இடைஞ்சல்" என்று கழற்றி வீசுகிறார்கள். என் பட்டறைக்கு உறையில்லாமல் வருகிற வண்டியை உறை மாட்டாமல் நான் வெளியே விடுவதில்லை. இதற்காகச் சண்டை போட்டவர்களும் உண்டு. பிளேடில் ஓலை, டிரிப் குழாய் சுற்றிக்கொண்டால் இன்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்த பிறகே குனிய வேண்டும். மரத்தடியில் ஆறேழு அடிக்குள் ரொட்டவேட்டரைக் கொண்டு போகாதீர்கள். தென்னையின் உயிர் வேர்கள் அந்த வட்டத்தில்தான் அதிகம்.

எந்தக் கம்பெனி என்று கடைசியில் எல்லோரும் கேட்பார்கள். மஹிந்திராவின் ஜிவோ, ஓஜா, குபோட்டாவின் நியோஸ்டார், ஸ்வராஜ், வி.எஸ்.டி., ஜான் டீர் என்று இந்த அளவில் நல்ல வண்டிகள் இருக்கின்றன. பெயரைவிட, உங்கள் தோப்பிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் அந்தக் கம்பெனி மெக்கானிக் வர முடியுமா, ஃபில்டரும் கிளட்ச் பிளேடும் பொள்ளாச்சியிலோ பாலக்காட்டிலோ ஸ்டாக்கில் இருக்குமா என்பதைப் பார்த்து முடிவெடுங்கள். டெமோவை ஷோரூம் வாசலில் பார்க்காதீர்கள். உங்கள் தோப்புக்கே கொண்டுவரச் சொல்லி, நீங்கள் வாங்கப் போகும் அதே ரொட்டவேட்டரை மாட்டி, இருப்பதிலேயே கெட்டியான மண்ணில் ஒரு மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள். டீசல் டேங்கை நிரப்பிவிட்டு ஆரம்பித்து, முடிந்ததும் மறுபடி நிரப்பி அளவெடுங்கள். இதற்கு ஒத்துக்கொள்ளாத டீலரிடம் விலை பேச வேண்டியதில்லை. வண்டி கைக்கு வந்த பிறகு 50 மணி நேரத்தில் முதல் சர்வீஸ் வரும். வேலை மும்முரம் என்று அதைத் தள்ளிப்போடாதீர்கள், அந்த ஆயிலில்தான் புது கியர் உதிர்த்த இரும்புத் துகள் எல்லாம் இருக்கும்.