லூப்ரிகண்ட்: மசகும் உயவும் துருக்காப்பும்

துப்பாக்கி வைத்திருப்போர் 'கன் ஆயில்' என்ற ஒரே பெயரால் சுட்டும் குப்பிகளில், வெவ்வேறு வேலைகளுக்கென்று செய்யப்பட்ட நீர்மங்கள் இருக்கின்றன. அவற்றுக்குப் பொதுப்பெயராக வழங்கும் 'லூப்ரிகண்ட்' என்னும் சொல், 'வழுக்கலானது' என்று பொருள்படும் 'லூப்ரிகஸ்' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. உரசிக்கொள்ளும் இரு பரப்புகளுக்கு நடுவே புகுந்து, அவை நேராகத் தொட்டுத் தேயாதபடி வழுக்கச் செய்வது என்பதே அதன் பொருள். துருவைத் தடுப்பதும் அழுக்கைக் கரைப்பதும் அந்தப் பொருளுக்குள் அடங்கா. துப்பாக்கிப் பராமரிப்பில் நேரும் பிழைகளில் பல, இந்த மூன்றையும் ஒரே பெயரில் அடக்குவதிலிருந்து தொடங்குகின்றன.

தமிழில் இதற்கு மசகு, உயவு என்ற இரண்டு சொற்கள் வழங்குகின்றன. மசகு மாட்டுவண்டியோடு வளர்ந்த சொல்; வைக்கோலைச் சுட்ட கரியை விளக்கெண்ணெயில் குழைத்து அச்சில் இட்டதை மசகு என்றும் வண்டி மை என்றும் நம் ஊர்களில் சொன்னார்கள். மற்றத் தாவர எண்ணெய்களைவிட மிகவும் கெட்டியான விளக்கெண்ணெயை அதற்குத் தேர்ந்தவர்கள் பொருளறிந்தே தேர்ந்தார்கள். உயவு என்பதற்கு வருத்தம் என்ற பழம்பொருளும் உண்டு. ஆனால் 'உயவுநெய்' என்ற தொடர் வண்டியச்சில் இடும் எண்ணெயைக் குறித்தது, அதன் வழியே இன்றைய பொறியியல் நூல்கள் 'உயவு எண்ணெய்', 'உயவிடுதல்' என்று எழுதுகின்றன.

இரண்டில் எதை ஏற்பது என்பதற்கு ஒரு நடைமுறைக் காரணம் இருக்கிறது. இலங்கைச் செய்தித்தாள்களில் 'மசகு எண்ணெய்' என்றால் சுத்திகரிக்கப்படாத கச்சா எண்ணெய். தமிழ்நாட்டிலோ அதே தொடர் இயந்திரத்துக்கு இடும் எண்ணெயைக் குறிக்கிறது. இரு நாட்டாரும் மயக்கமின்றிப் படிக்க வேண்டுமானால், ஓடும் நீர்மத்துக்கு 'உயவு எண்ணெய்' என்பதையும், களிம்பாக நிற்கும் கிரீசுக்கு 'மசகு' என்பதையும் கொள்வது நல்லது என்பது என் கருத்து. கிரீஸ் என்ற சொல்லும் தடித்தது, கொழுத்தது என்று பொருள்படும் 'கிராஸஸ்' என்ற இலத்தீன் சொல்லின் வழி வந்ததே என்பதால், வண்டியச்சு மசகோடு அது நன்றாகப் பொருந்துகிறது.

இந்த வேறுபாடு துப்பாக்கியில் உடனே பயன்படும். மெல்லிய எண்ணெய் நுண்ணிய இடுக்குகளுக்குள் தானே ஊடுருவும், ஆனால் வழிந்துபோகும், மழையில் கழுவப்படும். அமெரிக்கப் படையின் எம்1 கேரண்ட் துப்பாக்கியில், மழையில் எண்ணெய் கழுவப்பட்டதும் இயங்கு பாகங்கள் இறுகிக்கொண்டதால், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வீரர்களுக்கு மசகு வழங்கப்பட்டது. பெரிய விசையோடு சறுக்கும் பரப்புகளுக்கு மசகும், விசைவில் (டிரிகர்) போன்ற நுண்ணிய பாகங்களுக்கு ஒரு துளி உயவு எண்ணெயும் என்ற பிரிவு இன்றும் செல்லும். புழுதி மிகுந்த நிலத்தில் இரண்டுமே மண்ணைப் பிடித்து வைத்துத் தேய்மானத்தைக் கூட்டும் என்பதால், அங்கே மிகக் குறைவாக இடுவதோ மாலிப்டினம் டைசல்ஃபைடு போன்ற உலர் உயவுப்பொருளை நாடுவதோ தகும். கிராஃபைட்டும் உலர் உயவுப்பொருள்தான். ஆனால் ஈரம் சேர்ந்தால் அது அலுமினியத்தை அரிக்கும் என்பதால், அலுமினிய உடல் கொண்ட துப்பாக்கிகளுக்கு ஆகாது.

துருக்காப்பு வேறு வேலை. இரும்பும் நீரும் ஆக்சிஜனும் சேர்ந்தால் துரு உண்டாகும். வியர்வையிலும் கடற்காற்றிலும் உள்ள உப்பு அதை விரைவுபடுத்தும். ஆகவே காப்பு எண்ணெயின் கடமை வழுக்குவது அன்று, பரப்பை விட்டு நீங்காமல் ஈரத்தை மறிப்பது. சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் உரிமம் பெற்று வைத்திருப்போர், சுட்டாலும் சுடாவிட்டாலும் வெளிப்பரப்பைத் துடைத்து மெல்லிய படலமாகக் காப்பு எண்ணெய் பூச வேண்டியிருப்பது இதனால்தான்.

மூன்றாவது பெயர் 'கிளீனர்' அல்லது 'சால்வென்ட்'. சால்வென்ட் என்பது இளக்குதல், அவிழ்த்தல் என்று பொருள்படும் 'சால்வெரே' என்ற இலத்தீன் வினையின் வழி வந்தது. 'கரைப்பான்' என்ற தமிழ்ச்சொல் அதைக் குறைவின்றிச் சொல்கிறது. எதைக் கரைப்பது என்ற கேள்வியையும் அது எழுப்புகிறது, அந்தக் கேள்விதான் இங்கே முக்கியம். பிரித்தானியப் படையின் பழைய .303 தோட்டாக்களில், வெடிமருந்தைப் பற்றவைக்கும் எரிதூண்டியில் (பிரைமர்) பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டபின் அது பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பாகக் குழலுக்குள் தங்கி, காற்றின் ஈரத்தை ஈர்த்து, சில நாள்களிலேயே குழலைக் குழிபட அரித்தது. அந்த உப்பை எண்ணெய் கரைக்காது, தண்ணீரே கரைக்கும். பிரித்தானியப் படைவீரர்கள் புனல் வைத்துக் குழலில் கொதிநீர் ஊற்றிக் கழுவி, உலர்த்தி, அதன்பின் எண்ணெயிட்டதன் காரணம் இதுவே. குழலில் படியும் கரி, ஈயம், செம்பு ஆகியவற்றுக்கோ வேறு கரைப்பான்கள் வேண்டும். செம்பைக் கரைக்க அம்மோனியா சேர்த்த நீர்மங்கள் நிக்கல் பூச்சையும் தாக்கக்கூடும் என்பதால், வேலை முடிந்ததும் முற்றிலும் துடைத்தெடுக்க வேண்டும்.

துப்புரவைக் கைவிட்டதன் விலை வியட்நாமில் வெளிப்பட்டது. எம்16 துப்பாக்கிக்குத் துப்புரவே வேண்டாம் என்ற எண்ணம் பரவி, துப்புரவுக் கருவிகள் போதுமான அளவில் வழங்கப்படாமல், வெடிமருந்தும் மாற்றப்பட்டு, குரோமியப் பூச்சற்ற தோட்டா அறை ஈரத்தில் அரிக்கப்பட்டு, துப்பாக்கிகள் போரின் நடுவே சிக்கிக்கொண்டன. 1967இல் அமெரிக்க நாடாளுமன்றத் துணைக்குழு அதை விசாரித்தது. அறையிலும் குழலிலும் குரோமியம் பூசப்பட்டது, துப்புரவுக் கருவிகள் வழங்கப்பட்டன.

பிற்காலத்தில் அமெரிக்கப் படை பரவலாகக் கைக்கொண்ட 'சி.எல்.பி.' என்ற பெயர், துடை, உயவிடு, காப்பிடு என்று பொருள்படும் மூன்று ஆங்கில வினைகளின் முதலெழுத்துகள். 'முப்பயன் எண்ணெய்' என்று தமிழில் சொல்லலாம். களத்தில் ஒரே குப்பி போதும் என்பதே அதன் சிறப்பு. ஆனால் மூன்றையும் செய்வது எதையும் அதனதன் தனிநீர்மத்தின் அளவுக்குச் செய்யாது. நெடுநாள் சேமிப்புக்குக் கெட்டியான காப்புப் பூச்சும், கெட்டிப்பட்ட செம்புக் கறைக்குத் தனிக் கரைப்பானும் தேவைப்படும். 1953இல் உருவான டபிள்யூ.டி.-40 என்ற நீர்மத்தின் பெயரும் தன் வேலையைத் தானே சொல்கிறது: அந்த எழுத்துகள் 'நீரை விலக்கல்' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கம். நனைந்த துப்பாக்கியிலிருந்து நீரை வெளியேற்ற அது உதவும். நிலையான உயவு எண்ணெயாக அதை நம்பியிருப்பது சரியன்று.

தேசிய மாணவர் படையில் துப்பாக்கி துடைத்தவர்களுக்கு இந்தப் பிரிவு கைப்பழக்கமாகவே தெரியும். குழலுக்குள் விட்டு இழுக்கும் 'புல்த்ரூ' கயிற்றில் கோக்கும் 'சிந்தி' என்ற துணி, துடைப்பதற்கு நான்குக்கு இரண்டு அங்குலம், எண்ணெயிடுவதற்கு நான்குக்கு ஒன்றரை அங்குலம். இறுக்கமானது அழுக்கை வழித்தெடுக்கும், சற்றே தளர்ந்தது எண்ணெய்ப் படலத்தை விட்டுச்செல்லும். அந்தப் படலத்தையும் சுடுவதற்கு முன் உலர்ந்த துணியால் துடைத்தெடுத்துவிட வேண்டும்: குழலில் தேங்கிய எண்ணெய் அழுத்தத்தை ஆபத்தான அளவுக்கு ஏற்றலாம், தோட்டாவுக்குள் ஊடுருவிய எண்ணெய் எரிதூண்டியைச் செயலிழக்கச் செய்யலாம்.