பவளத் தொட்டி தொடங்குகிறீர்களா? யாரிடம் கற்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள்

இந்த வாரமும் ப்ளூ டாங் என்ற கடல்மீன் ஒன்று என்னிடம் வந்தது. உடம்பெல்லாம் வெள்ளைப்புள்ளி, செவுள்மூடிகள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. பையின் மூலையில் தலையைச் சாய்த்துக் கிடந்தது. கொண்டுவந்தவர் அக்கறை இல்லாதவர் அல்ல. மாதக்கணக்கில் படித்துவிட்டுத்தான் தொட்டி வைத்திருக்கிறார். “டாக்டர், போன மாசமே இது வந்து குணமாயிடுச்சு. இப்ப மறுபடியும் வந்திருக்கு” என்றார்.

போன மாதம் அது குணமாகவே இல்லை. மீன்களுக்கு மருத்துவம் பார்க்கும் நான் இந்த ஒரு விஷயத்தை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கே கிடையாது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன். புதிதாக ரீஃப் டேங்க், அதாவது பவளமும் கடல்மீனும் வளரும் தொட்டி, வைப்பவர்கள் எங்கே கற்பது, யாரை நம்புவது என்ற கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது.

அவர் செய்தது இதுதான். தீவனத்தில் பூண்டுச் சாறு கலந்திருக்கிறார். பவளத்துக்குக் கேடில்லை என்று அச்சிட்ட ஒரு மருந்தை ஊற்றியிருக்கிறார். மீனின் மேல் ஒட்டியிருப்பதைக் கொத்தித் தின்னும் க்ளீனர் இறால் ஒன்றையும் வாங்கி விட்டிருக்கிறார். ஐந்தாறு நாளில் புள்ளி மறைந்துவிட்டது. அவருக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவருக்கும் அப்படித்தான் மறைந்ததாம்.

மறையத்தான் செய்யும். ஒன்றுமே செய்யாமல் இருந்தாலும் மறைந்திருக்கும்.

இந்த வெள்ளைப்புள்ளி நோயைத் தருவது க்ரிப்டோகேரியான் இரிட்டன்ஸ் என்ற ஒட்டுண்ணி. 1951-லேயே பெயர் வைக்கப்பட்ட பழைய எதிரி, இதன் வாழ்க்கை நன்றாக ஆராயப்பட்டிருக்கிறது. மீனின் தோல் அடுக்குக்கு உள்ளே புகுந்து 3 முதல் 7 நாள் வரை தின்று கொழுக்கும். நாம் பார்க்கும் வெள்ளைப்புள்ளி அதுதான். வயிறு நிறைந்ததும் தானாகவே மீனை விட்டு இறங்கி, மணலிலோ பாறையிலோ கண்ணாடியிலோ ஒட்டிக்கொண்டு தன்னைச் சுற்றிக் கூடு கட்டிக்கொள்ளும். மீன் பளிச்சென்று ஆகிவிடும், சாப்பிடவும் தொடங்கிவிடும். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் கூட்டுக்குள் அது நூறு, இருநூறாகப் பிரிந்துகொண்டிருக்கும். சில நாளிலோ சில வாரத்திலோ கூடு திறந்து அத்தனையும் நீரில் நீந்தி வெளியே வரும். ஓரிரு நாளுக்குள் ஒரு மீன் கிடைத்தாக வேண்டும், இல்லையென்றால் சாகும். சிறிய தொட்டியில் மீன் கிடைக்காமல் எங்கே போகும்? முதல் அலையில் பத்துப் புள்ளி இருந்த மீனுக்கு இரண்டாம் அலையில் உடம்பெல்லாம் புள்ளி, அதைவிட மோசமாக செவுள் நிறைய ஒட்டுண்ணி. மூச்சுத் திணறித்தான் சாகிறது.

இப்போது அந்த மருந்துகளை யோசித்துப் பாருங்கள். புள்ளி தெரிந்த அன்று பூண்டு கொடுத்தாலும், இறால் விட்டாலும், பவளத்துக்குக் கேடில்லை என்ற அந்த மருந்தை ஊற்றினாலும் ஒரு வாரத்தில் புள்ளி போய்விடும். கொடுத்தவர் உண்மையாகவே “எனக்கு வேலை செய்தது” என்பார். அவர் பொய் சொல்லவில்லை, ஒட்டுண்ணி அவரை ஏமாற்றியிருக்கிறது. இரண்டாம் அலையில் மீன் செத்தால் “அது வேறு பிரச்சினை” என்று நினைத்துக்கொள்வார். சில மீன்கள் ஓரளவு எதிர்ப்புச் சக்தி பெற்றுப் பிழைத்துவிடும். அப்படிப் பிழைத்த மீனின் படம்தான் எல்லோருக்கும் போய்ச் சேரும். செத்த மீனை யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை. ஒருவருக்குச் சரியானது என்பதையே ஆதாரமாக வைத்துக்கொண்டு இந்தத் துறையில் கற்க முடியாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இறால் தோலுக்கு உள்ளே இருப்பதைக் கொத்தி எடுக்காது. நன்னீரில் முக்கி எடுப்பதும் அதே காரணத்தால் இந்த ஒட்டுண்ணியை எட்டாது. யூவி (புற ஊதா) விளக்கு ஒட்டுண்ணியின் எண்ணிக்கையைக் குறைக்கலாம், ஒழிக்காது. மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி, காப்பர் மருந்தைச் சரியான அளவில், காப்பர் டெஸ்ட் கிட் வைத்து அளந்தபடியே கொடுக்க வேண்டும். முதன்மைத் தொட்டியில் காப்பர் ஒரு சொட்டும் விழக்கூடாது, இறாலும் நத்தையும் பவளமும் செத்துப்போகும், பாறையும் மணலும் அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அந்தத் தொட்டியில் குறைந்தது 6 வாரம் ஒரு மீன்கூட இருக்கக்கூடாது. கூடு சில நேரம் அதற்கு மேலும் தாங்கும் என்பதால் அனுபவசாலிகள் 76 நாள் என்கிறார்கள், நானும் அதையே சொல்கிறேன். புதிய மீன் எதுவானாலும் முதலில் தனித் தொட்டியில் சில வாரம் வைத்துப் பார்த்திருந்தால் இத்தனையும் தேவைப்பட்டிருக்காது. தூசி தூவியது போல மிகப் பொடியான புள்ளியும் வேகமான மூச்சும் இருந்தால் அது வெல்வெட் என்ற வேறு நோய், அமைலூடினியம் என்ற ஒட்டுண்ணி தருவது. அதற்கு வாரக்கணக்கில் அவகாசம் கிடையாது, அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

சரி, எங்கே கற்பது?

முதலில் ஒரு மீனின் அறிவியல் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பழக்கம் வரட்டும். கடைப் பெயர் ஊருக்கு ஊர் மாறும், ஒரே பெயரில் நாலு மீன் இருக்கும். அறிவியல் பெயர் கையில் இருந்தால் ஃபிஷ்பேஸ் என்ற உலகளாவிய மீன் தரவுத்தளத்தில் இலவசமாகத் தேடலாம். எவ்வளவு நீளம் வளரும், என்ன தின்னும், எந்த ஆழத்தில் வாழும் என்பதெல்லாம் அங்கே கிடைக்கும். கட்டைவிரல் நீளத்தில் வாங்கும் அந்த ப்ளூ டாங், அதாவது பாராகாந்துரஸ் ஹெபடஸ், 31 செ.மீ. வரை வளரும் என்று அங்கே எழுதியிருக்கிறது. ஒரு நிமிடத்து வேலை. அந்த ஒரு நிமிடத்தைச் செலவழிக்காததால் திரும்பக்கூட இடமில்லாத தொட்டியில் அடைபட்ட டாங்குகளைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். மாண்டரின் மீனும் இதே கதைதான். சிங்கிரோபஸ் ஸ்ப்ளெண்டிடஸ் என்று தேடினால் அது சின்னஞ்சிறு ஓட்டுடலிகளைத் தின்று வாழ்வது தெரியவரும். பாறையில் கோப்பிபாட் என்ற அந்தச் சின்ன ஓட்டுடலிகள் பெருகாத புதுத் தொட்டியில் அது நாள் முழுக்கக் கொத்திக்கொண்டே இருக்கும், வயிறு ஒட்டிக்கொண்டே போகும். அழகாக இருக்கிறது என்று வாங்குகிறார்கள், பட்டினியில் சாகிறது. தயவுசெய்து முதல் வருடத்தில் அதைத் தொடாதீர்கள்.

பவளங்களுக்கும் இதே ஒழுங்குதான். எது ஒளியில் வாழும், எது ஊட்டினால்தான் வாழும் என்று பாருங்கள். சன் கோரல் என்ற பவளத்தின் உடலுக்குள், ஒளியைக் கொண்டு உணவு தயாரித்துத் தரும் பாசி கிடையாது. எவ்வளவு விலை உயர்ந்த விளக்கு போட்டாலும் அதற்குப் பசி தீராது.

புத்தகங்கள் வாங்குங்கள். இப்போதெல்லாம் யாரும் வாங்குவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். வீடியோவில் துண்டு துண்டாகக் கிடைப்பது நல்ல புத்தகத்தில் முதலிலிருந்து கோர்வையாகக் கிடைக்கும். ஆனால் அச்சான ஆண்டைப் பாருங்கள். உயிரினங்களைப் பற்றிய பகுதிகள் இருபது வருடம் கழித்தும் பெரும்பாலும் செல்லும், விளக்கு, பம்ப் பற்றியவை செல்லாது. பழைய நூல்கள் பல, நீரில் சேரும் சத்துகளான நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் முடிந்தவரை சுழியத்துக்குக் கொண்டுபோகச் சொல்லும். அப்படி உறிஞ்சியெடுத்த தொட்டிகளில் டைனோஃப்ளாஜெல்லேட்டுகள் என்ற நுண்ணுயிர்கள் பழுப்புச் சளியாகப் படர்வதை இப்போது அடிக்கடி பார்க்கிறோம். குறைவாக இருக்கட்டும், இல்லாமல் போக வேண்டாம். அதேநேரம் பழையது எல்லாம் தள்ளுபடி என்றும் நினைக்காதீர்கள். நுண்ணுயிர்கள் குடியிருக்கும் கடல்பாறையை, அதாவது உயிர்ப்பாறையை, வைத்தே தொட்டியைச் சுத்தமாக வைக்கலாம் என்று இந்தோனேசியாவின் லீ சின் எங் எழுதியது 1961-ல். இன்று நாம் பாறையை நம்பித் தொட்டி வைப்பதன் வேர் அங்கே இருக்கிறது.

ஆய்வுக் கட்டுரை என்றால் பயப்பட வேண்டாம். நோயின் அறிவியல் பெயரைத் தேடினால் சுருக்கங்கள் இலவசமாகவே கிடைக்கும். அதிலும் பல ஆய்வுகளைத் திரட்டி எழுதிய மீள்பார்வைக் கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டால், மேலே நான் சொன்ன வாழ்க்கைச் சுழற்சி முழுக்கப் படத்தோடு இருக்கும்.

வீடியோக்களை ஒதுக்கச் சொல்லவில்லை. கையால் செய்யும் வேலைக்கு அவற்றைவிட நல்ல ஆசிரியர் இல்லை. டெஸ்ட் கிட்டில் நிறம் எந்தச் சொட்டில் மாறுகிறது, பவளத் துண்டை எப்படி ஒட்டுவது, குழாயை எப்படி இணைப்பது என்பதெல்லாம் கண்ணால் பார்த்தால்தான் புரியும். மருந்தின் அளவை மட்டும் அங்கிருந்து எடுக்காதீர்கள். பேசுபவர் அந்தப் பொருளை விற்கிறாரா? காட்டும் தொட்டிக்கு எத்தனை வயது? ஆறு மாதத் தொட்டி எல்லோருடையதும் அழகாகத்தான் இருக்கும்.

நீர் வேதியியலுக்கு முதல் ஆசிரியர் உங்கள் உப்பு அளவிதான், அதுவே தவறாகக் காட்டினால் மற்ற எதுவும் சரியாக வராது. இயற்கைக் கடல்நீர் ஏறக்குறைய ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு, 25 டிகிரியில் ஒப்படர்த்தி 1.026. கையில் பிடித்துப் பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர் என்ற உப்பு அளவியை ஆர்ஓ நீரை வைத்துச் சுழியத்துக்குத் திருப்பிவிட்டு “கேலிபிரேட் பண்ணிட்டேன்” என்கிறார்கள். சுழியத்தில் சரியாக இருக்கும் கருவி 35-ல் விலகி நிற்கலாம். விற்கப்படும் பல கருவிகளின் அளவுகோல் கடல்நீருக்கானதே அல்ல, சாதாரண உப்புக் கரைசலுக்கானது. 35 என்று சான்றளித்த நியமக் கரைசலை ஒரு சொட்டு விட்டு, கோடு 35-ல் வருகிறதா என்று பாருங்கள். மாதத்துக்கு ஒருமுறை போதும். காரத்தன்மை இயற்கையில் சுமார் 7 டிகேஎச் (காரத்தன்மையின் அலகு), கால்சியம் 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) பக்கம், மக்னீசியம் 1300 பக்கம். இந்த எண்களைத் துரத்த வேண்டாம். காரத்தன்மை 8-ல் அசையாமல் நிற்கும் தொட்டி, 7-க்கும் 10-க்கும் ஆடும் தொட்டியைவிட ஆயிரம் மடங்கு மேல்.

அளந்ததை ஒரு நோட்டில் எழுதுங்கள். தேதி, உப்பு, வெப்பம், காரத்தன்மை, புதிதாக விட்ட உயிர், செத்த உயிர் எல்லாம் அதில் இருக்கட்டும். மூத்த பொழுதுபோக்காளர் ஒருவரைக் கண்டுபிடித்துக் கற்பதானாலும் அவருடைய நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். எது செத்தது, ஏன் செத்தது என்று மறைக்காமல் சொல்பவர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள். பொதுக் காட்சியகங்களில் வேலை செய்பவர்களும் கேட்டால் மகிழ்ச்சியாகச் சொல்லித்தருவார்கள். நோய்த்தடுப்புத் தொட்டியை அவர்கள் எப்படி வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

மீனுக்கு நஞ்சான அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியத்துக்கு வரும் வரை மீன் விடாதீர்கள் என்பதைத் தனியாக எழுத வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். நீர் கண்ணாடி போலத் தெளிவாக இருப்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

உங்கள் உயிரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், இதைப் பலரும் சொல்லித்தருவதே இல்லை. ஜோவாந்திட், பாலிதோவா வகைப் பவளங்கள் சிலவற்றில் பாலிடாக்ஸின் என்ற கடும் நச்சு உண்டு. ஹவாய்த் தீவுகளின் பாலிதோவாவிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு 1971-ல் வெளியுலகுக்கு அறிவிக்கப்பட்டது. கொதிக்க வைத்தாலும் அழியாது. பாறையில் படர்ந்த பாலிதோவாவை ஒழிக்கிறேன் என்று பாறையை வேகவைக்காதீர்கள், வெந்நீர் ஊற்றாதீர்கள். அந்த ஆவியைச் சுவாசித்துக் குடும்பத்தோடு மருத்துவமனையில் சேர்ந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. இந்தப் பவளங்களை வெட்டும்போது கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். அதன் பிறகு காய்ச்சல், மூச்சிறுக்கம், வாயில் உலோகச் சுவை என்று எது வந்தாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போய், பாலிடாக்ஸின் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். மீன் தொட்டியைப் பற்றி அவர்களாகக் கேட்க மாட்டார்கள். அதேபோல் விரலில் வாரக்கணக்கில் ஆறாத கட்டி இருந்தால் தொட்டி வைத்திருப்பதைச் சொல்லுங்கள். அதற்குக் காரணமாகக்கூடிய மைக்கோபாக்டீரியம் மரினம் என்ற பாக்டீரியா 30 டிகிரி பக்கம்தான் நன்றாக வளரும். வழக்கமான 37 டிகிரி வளர்ப்புச் சோதனையில் அது பிடிபடாமல் போகலாம். கையில் காயம் இருக்கும்போது வெறுங்கையைத் தொட்டிக்குள் விடாதீர்கள்.

என்னைப் போன்ற மருத்துவரிடம் வரும்போது மீனோடு அந்த நோட்டையும் கொண்டுவாருங்கள். தனிப் பாட்டிலில் தொட்டி நீர் கொஞ்சம், கடைசியாக விட்ட உயிரின் பெயரும் தேதியும், இதுவரை ஊற்றிய ஒவ்வொரு மருந்தின் பாட்டிலும் வேண்டும். திட்டுவேன் என்று பயந்து எந்தப் பாட்டிலையும் வீட்டில் விட்டுவராதீர்கள்.